பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் விதை

1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். குருமாணவராயிருந்த நாம் சக மாணவர் சிலரோடு கொடைக்கானல் மலையில் ஓர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவ்வாண்டு குறிஞ்சி பூத்திருந்தது. தேவமாதாவின் பிறந்த நாள் திருவிழாவுக்குப் பீடத்தை அலங்கரிக்க வேண்டுமென்ற ஆர்வத்தில், இல்லத்துக்குப் பின்னாலிருந்த சரிவுக்குச் சென்று கைகொள்ளுமட்டும் அம்மலர்க் கொத்துகளை ஒடித்து வந்தோம். பீடம் நீலமயமாய்த் திகழ்ந்தது. மறுநாள் காலையிலேயே மலர்கள் துவண்டுவிட்டன.

வாடிய கொத்துகளை வெளியே கொட்ட வந்த தோட்டக்காரப் பெரியவர் எம்மைப் பார்த்து, "இது ஒரு தடவைதான் காய்க்கும், பிரதர். காய்ச்சதும் செத்துப்போகும்" என்றார். கடிந்து சொல்லவில்லை, மழை வரும் என்பதைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார். அச்சொல்லின் முழுப் பொருள் எமக்குப் பின்னரே விளங்கிற்று.

ரோசாவையோ செம்பருத்தியையோ பறித்தால் செடி மறுபடியும் பூக்கிறது. குறிஞ்சி அத்தகையதன்று. விதையிலிருந்து முளைத்த செடி பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே வளர்ந்து, பன்னிரண்டாம் ஆண்டில் சரிவு முழுவதும் ஒருசேரப் பூத்து, தேனீக்களுக்கு விருந்தளித்து, காய்த்து, காய் முற்றி வெடித்து விதை சிதறியபின் பட்டுப்போகிறது. அடுத்த மழையில் விதைகள் முளைத்துப் புதிய தலைமுறை தொடங்குகிறது. ஆக, பூத்த செடியை ஒடிப்பவர் அதற்குச் சந்ததியே இல்லாமற் செய்கிறார். நாம் அன்று ஒடித்தவை எத்தனை செடிகள் என்று எண்ணிப் பார்க்கவுமில்லை.

ஒருங்கே பூப்பதற்கு அறிஞர் கூறும் காரணம் சுவையானது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பூச்சிகளும் பறவைகளும் அத்தனையையும் தின்று தீர்த்துவிடும். ஒரே பருவத்தில் மலைமலையாய் விதை கொட்டினால், தின்பவை தின்று தெவிட்டிய பின்னும் மிச்சம் இருக்குமாம். 1934, 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று இக்கணக்கு பெரும்பாலும் பிசகாமல் வந்துள்ளது. பழனி மலைப் பளியரும் மூணாற்றுப் பக்கத்து முதுவரும் தங்கள் வயதையே இத்தனை குறிஞ்சி என்று கணக்கிட்டதாகச் சொல்வர். இடைப்பட்ட ஆண்டுகளிலும் குறிஞ்சி பூத்ததென்று செய்தித்தாள்களில் காண்கிறோமே என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் இதே குடும்பத்து வேறு இனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. மராட்டிய நாட்டு மலைகளில் கார்வி என்னும் உறவுச் செடி எட்டாண்டுக்கு ஒருமுறை பூக்கிறது.

தமிழர் ஒரு நிலத்துக்கும் அந்நிலத்து ஒழுக்கத்துக்கும் இம்மலரின் பெயரையே சூட்டினர். இதன் தேனைக் குறுந்தொகை பேசுகிறது. நீலகிரி என்னும் பெயர் இதனால் வந்ததென்பாரும் உளர். பெயர் கொடுத்த நாமே இடத்தைப் பறித்தோம். சுமார் 1300 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிச் சரிவே இதன் வீடு. அந்தப் புல்வெளி வெறும் தரிசு என்று எண்ணித் தேயிலையும், கற்பூர மரமும், பைனும், சீகை மரமும் நட்டார்கள். நல்லெண்ணத்தோடு நட்டவர்களும் உண்டு. ஆயினும் அம்மரங்களின் நிழலில் வெயிலை நாடும் குறிஞ்சி தழைப்பதில்லை.

இம்மலைத் தாவரங்களை ஆராய்ந்தவருள் எம் நெஞ்சுக்கு அணுக்கமானவர் இருவர், இருவரும் இயேசு சபையினர். 1895இல் தொடங்கிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த ஆங்லாத் அடிகளார் செடிகளைக் கண்டு கண்டு வண்ணத்தில் தீட்டினார். திருச்சியில் 1967இல் ராப்பினாட் தாவரச் சேகரிப்பகத்தை நிறுவிய மத்தேயு அடிகளார் 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அழிவுக்கு இலக்காகக்கூடிய உயிரினங்களின் உலகப் பட்டியலிலும் குறிஞ்சி சேர்க்கப்பட்டுவிட்டது.

2018இல் நாம் மலைப்பங்கு ஒன்றில் பணியாற்றினோம். பங்கு நிலத்தின் ஒரு மூலையிலும் குறிஞ்சி பூத்தது. சுற்றுலா வந்த குடும்பங்கள் கொத்துக் கொத்தாய்ப் பறித்து வண்டிகளில் கட்டிச் சென்றதைக் கண்டபோது, கண்டிக்க வாய் வரவில்லை. 1994 நினைவுக்கு வந்தது. எஞ்சிய செடிகளைச் சுற்றி இளைஞரைக் கொண்டு வேலி அடைத்தோம். காய்கள் பழுத்து உலர்ந்ததும், வெடிக்குமுன் ஒரு பகுதியைத் துணிப்பையில் சேர்த்தோம். பெரும்பகுதியை மண்ணுக்கே விட்டோம்.

முதல் தட்டில் விதையின்மேல் மண்ணைக் கனமாக மூடித் தண்ணீரையும் தாராளமாக ஊற்றிவிட்டோம். அவ்வளவும் அழுகிப்போயிற்று. இரண்டாவது தட்டில் மணலும் இலைமக்கும் அந்தச் சரிவின் மண்ணும் கலந்து, விதையை மேலாகத் தூவி, சல்லடையால் மெல்லிய மண் தூவி, தெளிப்பானால் மட்டும் நனைத்தோம். பாதிக்கும் குறைவாகவே முளைத்தன. நாற்று மிக மெதுவாக வளரும். பொறுமையற்றவர் களையென்று பிடுங்கிவிடுவர். ஒரு சிறுமி அப்படியே ஒரு வரிசையைப் பிடுங்கி எறிந்து, தான் உதவி செய்ததாக மகிழ்ந்தாள்!

மழை தொடங்கியதும் திறந்த புல்வெளியில் நட்டோம். சீகை மர நிழலில் நட்டவை நெட்டையாய் மெலிந்து செத்தன. சிலவற்றை மாடுகள் மிதித்தன. வெயிலில் புல்லிடையே நின்றவை பிழைத்தன. எங்கும் உரம் இடவில்லை. சமவெளிப் பங்குகளிலிருந்து நாற்றுக் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினோம். அந்த வெப்பம் இதற்கு ஆகாது.

இன்று யாரும் எம்மைப் பார்த்து இவ்வாறு செய்ய முனைய வேண்டா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறிஞ்சி காக்கப்படும் தாவரங்களின் அட்டவணையில் உள்ளது. பறிப்பதும் வேரோடு பிடுங்குவதும் தண்டனைக்குரியவை. வளர்ப்பதற்கும் வனத்துறையின் உரிமம் வேண்டும். மலையில் நிலமுடைய குடும்பங்கள் முதலில் வன அலுவலரை அணுகுக. நிலத்தில் தானாய் நிற்கும் குறிஞ்சிப் புதர்களை 'பூக்காத செடி' என்று வெட்டாதிருக்க மட்டும் எவர் அனுமதியும் தேவையில்லை.

நாம் மாற்றலாகி அப்பங்கை விட்டு வந்துவிட்டோம். சென்ற முறை கண்டபோது செடிகள் முழங்கால் உயரம் நின்றன. பங்கின் நாட்குறிப்பேட்டில், அப்போது பங்குத்தந்தையாயிருப்பவர் பார்வைக்கென்று, ஒரு வரி எழுதி வைத்துள்ளோம்: 2030, ஆகஸ்டு முதல் வேலி அடைக்கவும், பீடத்துக்கு வேறு பூ வாங்கவும்.