படநூலில் ஒரு விஞ்ஞானி

இளங் குழந்தைகளுக்கான படநூல் பெரும்பாலும் 32 பக்கங்களில் முடிந்துவிடுகிறது. 16 பக்கங்கள் கொண்டது ஒரு பாரம் எனில், அச்சகத்தில் இரண்டு பாரங்களில் நூல் நிறைவுறும். இச்சிறு இடத்தினுள் ஓர் அம்மையாரின் வாழ்க்கை முழுவதையும் அடக்க வேண்டுமாயின், எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதே ஆசிரியரின் முதற் பொறுப்பாகிறது.

வானிலை விஞ்ஞானி அன்னா மணியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் படநூல்களுள் இவரைப் பற்றியதும் ஒன்று. 1918-இல் பீர்மேட்டில் பிறந்த இவருக்கு, எட்டாவது பிறந்தநாளில் குடும்ப வழக்கப்படி வைரத்தோடுகள் அளிக்க முன்வந்தனர். அவற்றை மறுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை அவர் வேண்டினார். சித்திரக்காரருக்கு இதனினும் சிறந்த காட்சி வாய்ப்பதரிது. ஆயினும் கதை இத்துடன் நின்றுவிட்டால், குழந்தை அவரை வியந்து நோக்குமேயன்றி, விஞ்ஞானம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியாது.

தோடாக அணிய மறுத்த வைரமே பின்னர் அவருடைய ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 1940-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. ராமனிடம் சேர்ந்து, வைரங்களும் கெம்புகளும் வெளியிடும் ஒளியை ஆராய்ந்தார். அம்மங்கிய ஒளி புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் வேண்டியிருந்தது. மேசைமேல் ஒரு சிறு கல். அருகில் இரவெல்லாம் காத்திருக்கும் ஓர் இளம்பெண். பொறுமையைப் பற்றிய உபதேசம் எதுவுமின்றியே இப்படம் பொறுமையை உணர்த்திவிடும்.

1945-இல் அவர் அளித்த ஆய்வுரைக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்னும் காரணத்தால், சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்க மறுத்தது. இதைச் சிறுவர்க்குச் சொல்லலாமா எனப் பலர் தயங்கக்கூடும். சொல்லவே வேண்டும். விளையாட்டில் தன் முறை மறுக்கப்பட்ட குழந்தைக்கு நியாயம் இன்னதென்று தெரியும். தடைகளை நீக்கிய வரலாறு இனிமையாயிருக்கும்; ஆனால் உண்மையாயிராது. பின்னாளில் தானும் ஒரு தடையை எதிர்ப்படும் சிறுமிக்கு அது துணை செய்யாது.

லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்ற அன்னா மணி, 1948-இல் தாயகம் திரும்பிப் புனாவில் வானிலை இலாகாவில் பணியேற்றார். ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். 1957–58-இல் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டில் அமைத்தார்.

இவ்விடத்தில் சித்திரக்காரரின் பொறுப்பு பெரிது. கதிர்வீச்சை அளக்கும் பைரானோமீட்டரில், கண்ணாடிக் கவிகையின் கீழுள்ள கரும்பரப்பு வெயிலில் சூடேறுகிறது. அச்சூட்டிற்கேற்ப மின்னழுத்தம் தோன்றுகிறது. வெயிலில் கிடந்த கருங்கல்லைத் தொட்டறிந்த குழந்தைக்கு இது எளிதில் விளங்கும். கருவியைத் தவறாக வரைந்தாலோ, வெறும் அலங்காரமாக வரைந்தாலோ, அவ்வம்மையாரின் உழைப்பே மறைந்துவிடும்.

டாக்டர் பட்டம் பெறாமலே 2001-இல் அவர் காலமானார். அவர் உருவாக்கிய அளவைமுறை நிலைத்தது. ஆகவே இத்தகைய நூல் பதக்கத்துடன் முடிவதினும் ஒரு கருவியுடன் முடிதல் நன்று. நூலை மூடிய குழந்தை, முற்றத்தில் நேரான குவளையொன்றை வைத்து, அதில் பெய்த மழையின் உயரத்தை அளவுகோலால் அளக்க முற்படுமாயின், ஆசிரியரும் சித்திரக்காரரும் தம் கடமையை நிறைவேற்றியவராவர்.