காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்டதா? கடிதத்தை மடித்து வைக்காதீர்கள்



நம் மரக்காணத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ ஓடுகிறோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில், 'உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம் வருகிறது. அதை மடித்து வைத்துவிட்டு நகையை அடகு வைக்கப் போகிறவர்கள் உண்டு. உப்பள வேலை இல்லாத மழை மாதங்களில் அந்தக் கடிதம் வந்தால், வட்டி வேண்டாம் என்று வாழும் குடும்பமும் வட்டிக்கடை வாசலில் நிற்க நேரிடும். ஆனால் அந்தக் கடிதம் முடிவான தீர்ப்பு அல்ல.

முதலில் காரணத்தைப் படியுங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதைக் கம்பெனி எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். எந்தக் காரணமோ, அதற்குரிய காகிதம்தான் பதில்.

பெயர் பொருந்தவில்லை: நம் வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் இது. ஆதாரில் 'முஹம்மது', பாலிசியில் 'முகமது'. உம்மாவின் பெயர் ஒன்றில் 'பீ', மற்றொன்றில் 'பீவி'. இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் பெற்று, ஆதார் நகலோடு அனுப்புங்கள்.

காகிதம் குறைவு: டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில், பணம் கட்டிய ரசீது, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு ஆகியவற்றில் எது இல்லையோ அதை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

பழைய நோயை மறைத்தீர்கள்: அவசரத்தில் யாரோ சொன்னதை வைத்து 'பத்து வருடமாகச் சர்க்கரை' என்று எழுதப்பட்டிருக்கலாம். அது தவறு என்றால், சிகிச்சை தந்த மருத்துவரிடமே திருத்தச் சான்று கேளுங்கள். நீங்களாக எதையும் திருத்தாதீர்கள், அது மோசடியாகிவிடும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவர்களிடம், மோசடியை நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது.

கேஷ்லெஸ் மட்டும் மறுக்கப்பட்டிருந்தால் கோரிக்கையே போய்விட்டதாக நினைக்க வேண்டாம். பணம் கட்டிவிட்டு, பில்லோடு பின்னர் திரும்பக் கேட்கலாம்.

காகிதங்களைச் சேர்த்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பாலிசி எண், கோரிக்கை எண், மறுத்த தேதி, உங்கள் பதில் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நகல் வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். அவர் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தவறினால் கதவு அடைபடும். அங்கும் திருப்தி இல்லையென்றால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான இத்திட்டத்தில், சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை அனுமதி கேட்க வேண்டும். நாம் பணம் கட்டிவிட்டு வந்தால் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே அனுமதி மறுக்கப்பட்டால் நோயாளி உள்ளே இருக்கும்போதே, காப்பீட்டுப் பிரிவில் காரணம் கேட்டு, கூடுதல் ரிப்போர்ட்டோடு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். புதுச்சேரி மருத்துவமனை என்றால், அது நம் திட்டத்தில் உள்ளதா என்பதைச் சேரும் முன்பே இதே எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்த மருமகளின் பெயரை ரேஷன் அட்டையில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாக் காகிதங்களோடும் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறோம். மறுத்த கடிதத்தையும், அது வந்த உறையையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.