பகலில் சுவர், இரவில் கட்டில்!

பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள அறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறரை அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள இருவர் கட்டிலை அதில் போட்டுவிட்டால், அறையின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பகலில் அதில் உறங்குவோர் எவருமில்லை. ஆயினும் அது இடம் விட்டு நகர்வதுமில்லை. பிள்ளைகள் பாடம் எழுதுவதும், விருந்தினர் அமர்வதும், தொழுகை விரிப்பை விரிப்பதும் எஞ்சிய இடத்தில்தான்.

நம் மூத்தோர்க்கு இத்தொல்லை இருந்ததில்லை. பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டால் படுக்கையறை கூடமாகிவிடும். ஆனால், முழங்கால் நோவால் தரையிலிருந்து எழ இயலாத தாயாரைப் பாயில் படுக்கச் சொல்வது எங்ஙனம்? இங்கேதான் சுவரோடு மடித்து நிறுத்தும் கட்டில் பயன்படுகிறது.

இது புதுமையானதன்று. சிகாகோ நகரில் மரச்சாமான் கடை நடத்திய சாரா குட் என்னும் கறுப்பின மாது, 1885 ஜூலை 14 அன்று மடக்குக் கட்டில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இரவில் கட்டில், மடித்தால் எழுதுமேசை! அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களுள் ஒருவர் அவர். சிற்றறைகளில் வாழ்ந்த மக்களின் இடர்ப்பாட்டை அறிந்து அவர் செய்த இப்பொருளைப் பலர் மறந்துவிட்டனர். புகழ் முழுதும் சான் பிரான்சிஸ்கோவின் வில்லியம் மர்பிக்கே போய்ச் சேர்ந்தது.

மர்பியின் கதை சுவையானது. 1900ஆம் ஆண்டளவில் ஒற்றை அறையில் குடியிருந்த அவர், இசைநாடகப் பாடகி ஒருத்தியை மணக்க விரும்பினாராம். ஆடவனின் படுக்கையறையில் பெண்ணொருத்தி காலடி வைப்பது அக்காலத்து அமெரிக்காவிலும் நாணக்கேடாகவே கருதப்பட்டது. எனவே கட்டிலைச் சுவர் மாடத்துக்குள் நிமிர்த்தி மறைத்து, அறையைக் கூடமாக்கினாராம். குடும்பவழிச் செய்தி இது. 'மர்பி கட்டில்' என்பது பின்னர் எல்லார் வாயிலும் பொதுப்பெயராகிவிட்டமையால், அதனை ஒரு நிறுவனத்தின் தனி உரிமையாக ஏற்க இயலாது என்று 1989இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டிலின் தலைமாட்டில் அச்சு இருக்கும். கால்மாட்டைத் தூக்கினால் முழுக் கட்டிலும் சுவரோடு நிமிரும். பாரத்தை எதிர்த்துத் தாங்குபவை ஸ்பிரிங்குகள், அல்லது மோட்டார் காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்துவன போன்ற வாயு அடைத்த தண்டுகள். பொருத்தம் சரியாயிருப்பின் பெண்களும் முதியோரும் எளிதில் தூக்கலாம். மெத்தையின் எடைக்கேற்ப அவை அமையாவிடின், ஒன்று கட்டில் எழாது, அன்றேல் படுத்தவர் எழுந்தவுடன் தானே துள்ளி எழும். 1916ஆம் ஆண்டுப் படமொன்றில் சார்லி சாப்ளின் இத்தகைய கட்டிலோடு மல்லாடி மக்களைச் சிரிக்க வைத்தார்.

ஆனால் இது சிரித்து ஒதுக்கும் செய்தியன்று. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,29,000 சுவர்க் கட்டில்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சுவரிலிருந்து பெயர்ந்து விழக்கூடும் என்பதே காரணம். 2018இல் அவ்வாறு விழுந்த கட்டிலால் முதுகெலும்பில் அடிபட்டு 79 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்திருந்தார். தாயாரின் சுகத்துக்காக வாங்கும் பொருளே அவருக்கு எமனாகிவிடக்கூடாதல்லவா?

ஆகவே, செய்வித்துக்கொள்ள எண்ணுவோர் முதலில் கட்டிலைப் பாராதீர்கள், சுவரைப் பாருங்கள். கெட்டியான செங்கற்சுவரில், உள்ளே விரிந்து பற்றிக்கொள்ளும் போல்ட்டுகள் நிற்கும். உதிரும் பழங்காரைச் சுவரும், மெல்லிய பலகைத் தடுப்பும் கூடவே கூடா. தச்சரை மட்டும் நம்பாமல் கொத்தனாரையும் அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடாயின், சுவரில் துளையிட உரிமையாளரின் இசைவு வேண்டும்.

நிமிர்ந்த கட்டில் ஏறத்தாழ ஏழடி உயரம் இருக்கும். கீழிறங்கும்போது மின்விசிறியின் இறக்கையில் இடிக்குமா என அளந்து பாருங்கள். தாழ்ந்த கூரையுள்ள வீட்டுக்குப் பக்கவாட்டில் மடியும் வகை ஏற்றது. இலவம்பஞ்சு மெத்தை நிமிர்த்தினால் பஞ்சு கீழே சரிந்து கட்டிதட்டும். பஞ்சு சரியாத நுரை மெத்தையே தகும். காலையில் எழுந்தவுடன் மடிக்காமல் சற்றுக் காற்றாட விடுங்கள், வியர்வை ஈரம் உள்ளே தங்கிவிடும்.

நாள்தோறும் மடிக்கும் பழக்கம் வீட்டில் ஒருவர்க்கேனும் இல்லையெனில், வீண் செலவு செய்யாதீர்கள். சாதாரணக் கட்டிலே போதும். மடிப்பவர் பெரியவராகவே இருக்கட்டும். கட்டில் இறங்கும் வேளையில் பிள்ளைகள் அதன் முன்னே நிற்கலாகாது. முன்னைவிட விரைந்து இறங்கத் தொடங்கினால், தண்டு தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும்வரை கட்டிலை மடிக்காது விரித்தே வையுங்கள்.