துளைக் கொம்பும் உதிர் கொம்பும்

பைல் நாடு முதலிய மலைநாடுகளைத் தன்னகத்தே கொண்ட கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடுகிறார். அம்மானைத் துளை பொருந்திய கொம்புடைய புள்ளிமான் கலை என்று உரையாளர் கொள்வர். இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இவ்விடத்தில் யான் தயங்குவதுண்டு. புள்ளிமான் கொம்பில் துளை ஏது?

கொம்பு என்று நாம் பொதுவாகச் சொல்வன இருவகைப்படும். மாடு, வரையாடு, இரலை ஆகியவற்றின் கொம்பு, எலும்பு முளையின்மீது நகத்தை ஒத்த பொருளால் அமைந்த உறையாகும். உறையைக் கழற்றினால் உள்ளே வெற்றிடம். மாட்டுக் கொம்பை ஊதுகருவியாக்க முடிவது இதனால்தான். இது கிளைப்பதுமில்லை, உதிர்வதுமில்லை. புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் கொம்போ முற்றிலும் எலும்பு. ஆணுக்கே உரிய அது, மென்மயிர்த் தோல் போர்த்துக் கிளைத்து வளரும், தோல் உரியும், பின்னர்த் தானும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அழிந்த ஐரிஷ் பெருமானின் கொம்புகள் நுனிக்கு நுனி 3.6 மீட்டர் வரை அகன்றிருந்தன. அத்துணைப் பாரமும் ஆண்டுதோறும் உதிர்ந்து முளைத்ததே! (காண்டாமிருகத்தின் கொம்பு இவ்விரண்டிலும் அடங்காது, அதில் எலும்பே இல்லை.)

ஓரியின் மானுக்கு வருவோம். பாட்டில் வரும் 'புகர்' என்னும் சொல் புள்ளியையும் குறிக்கும், கபில நிறத்தையும் குறிக்கும். நிறமெனக் கொண்டால் துளைக் கொம்பு பொருந்திவிடும். ஆயின் இரலை சமவெளியில் திரிவது. குன்றுசார்ந்த உலர்காட்டில் வாழ்வதும், கபில நிறமுடையதும், ஆணுக்கு மட்டுமே துளைக் கொம்பு அமைந்ததும் நாற்கொம்பு மான். என் மனம் அதன்பாலே செல்கிறது.