மண்கரையை நம்பும் மீன்கொத்தி

பெயரை மட்டும் கொண்டு எதையும் மதிப்பிடலாகாது. பறவைக்கும் இது பொருந்தும். சங்க நூல்கள் 'சிரல்' எனக் கூறும் பறவையை நாம் இன்று மீன்கொத்தி என்கிறோம். நாம் படிக்க வந்திருக்கும் வங்காளத்தில் 'மாச்ராங்கா' என்கின்றனர். 'மாச்' என்றால் மீன். இரு மொழியினரும் அதை மீனோடு சேர்த்தே எண்ணுகின்றனர்.

ஆனால், மேற்கு வங்கத்தின் மாநிலப் பறவையாகிய வெண்மார்பு மீன்கொத்தி மீனை மட்டும் நம்பி வாழ்வதன்று. விடுதி மைதானத்தில் நான் கண்ட அளவில், அது மின்கம்பியில் அமர்ந்து பெரும்பாலும் புல்தரையையே நோக்கியிருக்கிறது. வெட்டுக்கிளி, ஓணான், தவளை, நண்டு, சுண்டெலி ஆகியவை அதன் உணவு. மீனும் அவற்றுள் ஒன்று, அவ்வளவே! பிடித்த இரையைக் கிளையில் பலமுறை அடித்துச் செயலறச் செய்த பின்னரே விழுங்கும். செரிக்காத எலும்பையும் ஓட்டையும் சிறு உருண்டையாக வெளியே கக்கிவிடும்.

லின்னேயஸ் 1758இல் இதற்கு அறிவியல் பெயரிட்டபோது, இன்று துருக்கியின் இஸ்மீராக உள்ள ஸ்மிர்னா நகரின் பெயரைச் சூட்டினார். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இது பரவியுள்ளது. கிடைத்ததை உண்டு வாழும் இயல்பு இதற்குத் துணை செய்கிறது எனலாம்.

இதன் நீல நிறமும் நம்மை ஏமாற்றுவதே. சிறகில் நீலச் சாயம் சிறிதும் இல்லை. இறகினுள் உள்ள மிக நுண்ணிய அமைப்பு, ஒளியின் நீலப் பகுதியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. அவ்வமைப்பு நசுங்கினால் நீலமும் மறையும்.

சரி, நீரின்றியும் வாழும் இப்பறவைக்கு இன்றியமையாதது யாது? செங்குத்தான மண்சுவர்! ஆணும் பெண்ணும் பறந்து வந்து அலகால் மண்ணை மோதிக் காலூன்ற இடம் செய்கின்றன. பின்பு சுரங்கம் தோண்டுகின்றன. அதன் கோடியில் உள்ள அறையில் நான்கு முதல் ஏழு வரை உருண்டையான வெள்ளை முட்டைகள் இடும். இருளில் இருக்கும் முட்டைக்கு மறைந்துகொள்ள நிறம் எதற்கு? சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும்.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. குளக்கரைகளைக் கல்லாலும் சிமெண்டாலும் கட்டுவது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. கல்லை அலகு துளைக்குமா? எங்கள் விடுதிக்கு அருகிலுள்ள குளத்தில் மூன்று கரைகளைக் கட்டிவிட்டனர். நான்காவது கரையில் இவ்வாண்டும் ஒரு பொந்து இருக்கிறது. அதையும் கட்டப்போவதாகக் கேள்வி.

இவ்வினம் அழியும் நிலையில் இல்லை என்பது உண்மையே. எனினும், உலகில் எங்கோ ஆயிரம் பொந்துகள் இருப்பது இந்த ஓர் இணைக்கு உதவாது. கரை சரியாமல் காப்பதும் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஒரு பக்கத்தில் பத்தடி நீளம் மண்ணாகவே விட்டால் போதும். கோடையிலும் மழைத் தொடக்கத்திலும் அங்கே மண்வெட்டி படாதிருந்தால் போதும்.

நண்பர்களே! இவ்வேண்டுகோளை எழுதி, வங்க மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, உரியவர்களிடம் நம் சங்கம் அளிக்க வேண்டும். மனுவை எழுதித் தர நான் ஆயத்தம், கையொப்பமிட வாருங்கள்.