புத்தர் கடவுளா? பௌத்தம் குறித்து நம் இல்லங்களில் எழும் வினாக்கள்



2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற்குப் பின் மியான்மரிலிருந்து ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்திற்கு விரட்டப்பட்டனர். இலங்கையில் 2014 ஜூனில் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனயிலும் நம் சகோதரர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020இல் கொரோனாவால் இறந்தோரின் ஜனாஸாக்களைக்கூட அந்நாட்டு அரசு கட்டாயமாக எரித்தது. 2021 பிப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரியது. இச்செய்திகளைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், "எறும்பைக்கூடக் கொல்லக்கூடாது என்று சொல்லும் மதம்தானே பௌத்தம்? பிறகு ஏன் இப்படி?" என்று வினவுகிறார்கள். அதற்கு விடை கூற வேண்டுமாயின் அம்மதம் என்ன சொல்கிறது என்பதை முதலில் நாம் அறிந்திருக்க வேண்டும். அறிந்திருக்கிறோமா?

பௌத்தம் எங்கோ இருக்கும் அந்நிய மதம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். குமராட்சிக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில் மாணிக்கவாசகரோடு வாதிட ஈழநாட்டிலிருந்து பௌத்த குரு ஒருவர் தம் மன்னனுடன் வந்ததாகவும், வாதில் தோற்றதாகவும், மன்னனின் ஊமை மகள் அங்கே பேசியதாகவும் திருவாதவூரர் புராணம் கூறுகிறது. இது புராணம்; வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாதத்தை நமக்குச் சொல்வது வென்றவர்களின் நூல். தோற்றதாகச் சொல்லப்படும் தரப்பினர் உண்மையில் என்ன பேசினார்கள் என்பதை அவர்கள் வாயிலாகக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. இஸ்லாத்தைப் பற்றிப் பிறர் எழுதியதை மட்டும் படித்துவிட்டு நம்மைத் தீர்மானிப்போரைக் கண்டு நாம் வருந்துகிறோம் அல்லவா? அதே அளவுகோலை நாமும் பிறருக்குப் பயன்படுத்த வேண்டும்.

கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால் பூம்புகார். அங்கே பல்லவனேச்சரத்தில் நடந்த அகழ்வாய்வில் ஒரு பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்தபாதம் பொறித்த கல்லும் கிடைத்தன. இன்னும் தெற்கே நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் அங்கு எழுப்பிய சூளாமணி விகாரைக்கு, சைவனாகிய முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே தானமாக வழங்கினான். அதற்குரிய செப்பேடு பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் 'லெய்டன் செப்பேடு' என்று பெயர் பெற்றது. 1856 முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் நாகையில் தோண்டியெடுக்கப்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350. தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை முழுக்க முழுக்கப் பௌத்த நூல். வீரசோழியம் என்னும் இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரரும் பௌத்தரே. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வாழ்ந்த மார்க்கம் அது.

புத்தர் யார்?

புத்தர் கடவுள் அல்லர். தம்மைக் கடவுள் என்றோ, கடவுளின் மகன் என்றோ, தூதர் என்றோ அவர் கூறிக்கொண்டதாகப் பௌத்த நூல்கள் சொல்லவில்லை. சாக்கிய குலத்தில், இன்றைய நேபாளத்திலுள்ள லும்பினியில் பிறந்த சித்தார்த்த கௌதமர் என்னும் மனிதர் அவர். மன்னர் அசோகர் அங்கு நாட்டிய கல்வெட்டுத் தூண் 1896இல் கண்டெடுக்கப்பட்டது. இருபத்தொன்பதாம் வயதில் இல்லறம் துறந்து, முப்பத்தைந்தாம் வயதில் கயாவில் அரச மரத்தடியில் மெய்யுணர்வு பெற்று, எண்பதாம் வயதில் குசிநகரில் இறந்தார் என்பது பௌத்தர்களின் மரபு. 'புத்தர்' என்பது பெயரன்று. விழித்துக்கொண்டவர் என்னும் பொருள் தரும் பட்டம். அவர் விஷ்ணுவின் அவதாரம் என்று சிலர் கூறுவதைப் பௌத்தர்கள் ஏற்பதில்லை.

அவருடைய போதனையின் சாரம் நான்கு வாய்மைகள். வாழ்க்கை துக்கம் நிறைந்தது. அத்துக்கத்திற்குக் காரணம் வேட்கை. வேட்கை ஒழிந்தால் துக்கம் ஒழியும். அதற்கு வழி எட்டு உறுப்புகள் கொண்ட நன்னெறி. நற்காட்சியில் தொடங்கி, நற்பேச்சு, நற்செயல், நேர்மையான பிழைப்பு என்று விரிந்து மன ஒருமையில் முடியும் பாதை அது. இல்லறத்தாருக்கு ஐந்து ஒழுக்கங்கள், அதாவது பஞ்சசீலம், விதிக்கப்பட்டுள்ளன. கொல்லாமை, களவு செய்யாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய் பேசாமை, மது அருந்தாமை ஆகியனவே அவை. இவற்றுள் களவும் விபச்சாரமும் பொய்யும் மதுவும் நம் மார்க்கத்திலும் ஹராம் என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

'நிர்வாணம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆடையின்மை என்னும் பொருள் இங்கே இல்லை. விளக்கு அணைவதைப் போல ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய தீ அணைவதே பௌத்தத்தில் நிர்வாணம். ஆடை துறப்பது சமணத்தின் திகம்பரப் பிரிவினரின் வழக்கம். சமணமும் பௌத்தமும் வெவ்வேறானவை. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த துறவியர் பள்ளி சமணர்களுடையது. அதனைப் பௌத்தப் பள்ளி என்று சொல்வது பிழை. வயல்வெளியில் கிடைக்கும் கற்சிலையைப் பார்த்தும் வேறுபாடு அறியலாம். மேலாடை போர்த்தியிருந்தால் புத்தர். ஆடையின்றி, தலைக்கு மேல் முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர்.

நாம் வேறுபடும் இடம்

இனி, நயத்தக்க பேச்சுக்காக உண்மையை மறைக்கலாகாது. உலகைப் படைத்துப் பரிபாலிக்கும் ஓர் இறைவன் உண்டு என்பதைப் பௌத்தம் ஏற்பதில்லை. 'அனாத்மம்' என்பது அதன் தனித்த கொள்கை. நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை. உடலும் உணர்வும் கணந்தோறும் மாறிக்கொண்டிருக்கும் ஓட்டமே 'நான்' என்று நமக்குத் தோன்றுகிறது என்பர். ஆன்மா இல்லையென்றால் மறுபிறவி எடுப்பது எது? இந்த வினாவை அவர்களிடமே தொன்றுதொட்டுப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் பொருள் எதுவும் இடம் மாறுவதில்லை, சுடர் மட்டும் தொடர்கிறது என்பது அவர்கள் தரும் விடை. பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டு கண்ணிகளாக இத்தொடர்ச்சியை மணிமேகலையின் முப்பதாம் காதை விளக்குகிறது. மறுமையில் இறைவன் முன் நின்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நம்பும் நமக்கும், வினை தானாகவே பலன் தரும் என்று நம்பும் அவர்களுக்கும் இடையே உள்ள இடைவெளி ஈமானின் அடிப்படையைத் தொடுவது. 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்லி இதனைக் கடந்துவிட முடியாது. பௌத்தர்களும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சிலை வணக்கம் குறித்தும் ஒரு சொல். உருது பேசும் குடும்பங்களில் சிலையை 'புத்' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல்லே 'புத்தர்' என்னும் பெயரிலிருந்து பிறந்ததாக மொழியறிஞர்கள் கூறுகின்றனர். ஆயினும், புத்தர் இறந்து பல நூற்றாண்டுகள் வரை அவருக்கு உருவம் சமைக்கப்படவில்லை. வெறும் இருக்கை, அரச மரம், பாதச்சுவடு ஆகியவற்றால் மட்டுமே அவரைக் குறித்தனர். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிக் காந்தாரத்திலும் மதுராவிலும் உருவங்கள் பெருகின. மணிமேகலை கூட மணிபல்லவத் தீவில் வணங்குவது பாதபீடிகையைத்தான். 'சிலையிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை, ஆசிரியரை நினைவுகூர்கிறோம்' என்று படித்த பௌத்தர்கள் விளக்குவர். நடைமுறையில் வேண்டுதலும் நேர்ச்சையும் உண்டு என்பதை இலங்கை, தாய்லாந்து சென்று வந்த நம் வணிகர்கள் கண்டிருப்பார்கள். நினைவுகூரலாயினும் வேண்டுதலாயினும் தவ்ஹீதின் பார்வையில் நமக்கு அதில் பங்கில்லை. ஆனால் பிறர் வணங்குவதை ஏசுவதற்கும் நமக்கு அனுமதியில்லை.

புத்தர் ஒரு நபியாக இருந்திருக்கலாமா? படித்த இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது. குர்ஆனில் வரும் துல்கிஃப்ல் (அலை) அவர்கள் கபிலவாஸ்துவைச் சேர்ந்த புத்தரே என்றும், அத்தீன் அத்தியாயத்தில் வரும் அத்தி மரம் போதி மரத்தைக் குறிக்கும் என்றும் சிலர் எழுதியுள்ளனர். சொல் ஒலிப்பின் ஒற்றுமையை மட்டும் வைத்துக் கட்டிய ஊகம் இது. குர்ஆனிலோ ஸஹீஹான ஹதீஸிலோ இதற்கு ஆதாரமில்லை. எல்லாச் சமுதாயத்திற்கும் எச்சரிப்பவர் அனுப்பப்பட்டார் என்பதையும், வரலாறு சொல்லப்படாத தூதர்கள் உண்டு என்பதையும் நாம் நம்புகிறோம். அந்த எல்லையோடு நிறுத்திக்கொள்வதே பேணுதல். நபி என்று உறுதி கூறவும் இயலாது. இழித்துப் பேசவும் கூடாது.

அழித்தது யார்?

இந்தியாவில் பௌத்தத்தை அழித்தது முஸ்லிம்களே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. கி.பி. 1200ஐ ஒட்டிப் பீகாரில் பக்தியார் கல்ஜியின் படை விகாரைகளைச் சூறையாடியதை அக்கால முஸ்லிம் வரலாற்றாசிரியரே பதிவு செய்துள்ளார். அதை மறுப்பது நமக்கு அழகன்று. 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் பாமியானில் மலையில் குடைந்த இரு பெரும் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்ததும் நம் கண்முன் நடந்தது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள முஸ்லிம் நாடுகளின் மார்க்க அறிஞர் குழுவே கந்தஹார் சென்றும் பயனில்லை.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். கி.பி. 712இல் சிந்துவை வென்ற முஹம்மத் பின் காசிம், அங்கிருந்த பௌத்த ஆலயங்களைக் கிறித்தவரின், யூதரின் ஆலயங்களைப் போலவே கருதிப் பாதுகாப்பு அளித்ததாக வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதியிருக்கிறார். அப்பாஸிய கலீஃபாக்களின் புகழ்பெற்ற அமைச்சர்களான பர்மகீ குடும்பத்தின் முன்னோர், பல்க் நகரத்துப் பௌத்த விகாரையின் பொறுப்பாளர்கள். தமிழகத்திலோ பௌத்தம் தளர்ந்ததற்கும் முஸ்லிம் படையெடுப்புக்கும் தொடர்பில்லை. பக்தி இயக்கத்தின் எழுச்சி, அரச ஆதரவு குன்றியமை, வணிகர் கூட்டம் கலைந்தமை ஆகியவற்றால் அது பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. நாகையில் எஞ்சியிருந்த பழைய விகாரைக் கோபுரம் 1867இல், ஆங்கிலேயர் ஆட்சியில், ஒரு கிறித்தவப் பாதிரிமார் சபைக்குக் கட்டடம் எழுப்ப வேண்டி இடிக்கப்பட்டது.

இப்போது பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். கொல்லாமையைப் போதிக்கும் மார்க்கத்தார் கொலை செய்வதேன்? மியான்மரிலும் இலங்கையிலும் வெறுப்பை விதைத்தவர்களுள் காவியுடுத்த துறவிகள் இருந்தனர் என்பது மறுக்க முடியாதது. அதே மியான்மரில் நாட்டின் உயர்நிலைத் துறவியர் குழு, வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன துறவி ஒருவர் ஓராண்டு உபதேசம் செய்யக்கூடாது என்று 2017 மார்ச்சில் தடைவிதித்ததும் நடந்தது. இனப்பெருமையும் அரசியலும் துவராடையைப் போர்த்திக்கொண்டு வரும்போது பஞ்சசீலம் அவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. பயங்கரவாதி ஒருவன் கலிமாவை உச்சரித்துக்கொண்டு குண்டு வைத்தால் அதை இஸ்லாத்தின் கணக்கில் எழுதாதீர்கள் என்று உலகிடம் நாம் மன்றாடுகிறோம். 2019 ஏப்ரலில் இலங்கையின் தேவாலயங்களில் ஈஸ்டர் நாளன்று நடந்தது என்ன என்பதை அறிவீர்கள். நாம் கேட்கும் நீதியைப் பிறருக்கு மறுப்பதற்கு மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் இடம் தரவில்லை.

இலங்கை வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1626இல் போர்த்துக்கீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டியை ஆண்ட பௌத்த மன்னர் செனரத் அவர்களை வரவேற்று, சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். இன்றைய கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்கள் பலவற்றின் கதை அங்கிருந்துதான் வளர்கிறது.

நம் அண்டை வீட்டுப் பௌத்தர்கள்

தமிழகத்தில் இன்று நாம் சந்திக்கும் பௌத்தர்களில் பெரும்பாலோர் அண்ணல் அம்பேத்கரின் வழியில் வந்தவர்கள். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் அவர் பௌத்தம் தழுவினார். அதற்கும் முன்பே, 1898இல், பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, தலித் மக்களின் பூர்விக மார்க்கம் பௌத்தமே என்று வாதிட்டார். இவர்களுக்குப் பௌத்தம் தியானத்தைக் காட்டிலும் சமத்துவமே. சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக்கும் வாசலாக அவர்கள் அதைக் கண்டார்கள். அதே ஏக்கத்தோடு 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தின் வாசலுக்கு வந்தார்கள். ஒரு வேறுபாடு உண்டு. 1990இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பௌத்தம் தழுவும் தலித்துகளுக்கு அட்டவணைச் சாதியினருக்கான உரிமைகள் நீடிக்கின்றன; இஸ்லாத்திற்கு வருவோர் அவற்றை இழக்கின்றனர். இதனைக் குறித்த வழக்கும் விவாதமும் நெடுங்காலமாக நடந்து வருகின்றன.

கடைசியாக, பெண்கள் அதிகம் கேட்கும் உணவு பற்றிய வினா. பௌத்தர்கள் எல்லோரும் சைவ உணவினர் அல்லர். தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணவோ கேட்கவோ ஐயுறவோ இல்லாத இறைச்சியைத் துறவிகளும் ஏற்கலாம் என்பது அவர்களின் விதி. நம்மைப் பொறுத்தவரை, பெரும்பான்மை அறிஞர்களின் கருத்துப்படி பௌத்தர்கள் வேதம் வழங்கப்பட்டோரில் சேரமாட்டார்கள். ஆகவே அவர்கள் அறுத்த இறைச்சி நமக்கு ஆகாது, திருமண உறவும் கூடாது. அவர்கள் தரும் பழம், சோறு, பலகாரம் ஆகியவற்றை உண்பதில் தடையில்லை. படையலிட்டதாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் கொடுத்தவரிடமே கேளுங்கள். முகம் கோணாமல் சொல்வார்கள்.