உங்களுக்குத் தெரியுமா? ஊரோடு கலந்த வைக்கிங்குகள்

● பிரான்சின் வடகரையைச் சூறையாடிக்கொண்டிருந்த வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு, 911-இல் மன்னன் மூன்றாம் சார்லஸ் ரூவான் நகரையும் செய்ன் நதி கடலில் சேரும் பகுதியையும் விட்டுக்கொடுத்தான். நார்மண்டி வளர்ந்தது இங்கிருந்துதான். கொள்ளைக்காரனையே காவலுக்கு நிறுத்தினால் அடுத்த கொள்ளைக்காரன் ஆற்றில் ஏற மாட்டான் என்பது மன்னனின் கணக்கு. பதிலுக்கு ரோலோ ஞானஸ்நானம் பெற்று, ராபர்ட் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

● அந்த ரோலோவின் பேரன் ரிச்சர்டுக்கு, தாத்தாவின் மொழியைக் கற்றுக்கொடுக்க ஊர் விட்டு ஊர் அனுப்ப வேண்டியிருந்தது! ரூவானில் அதற்குள் பெரும்பாலோர் பிரெஞ்சின் மூதாதை மொழியைத்தான் பேசினார்கள். நார்ஸ் மொழி இன்னும் புழங்கிக்கொண்டிருந்த பேயூ நகரத்துக்குத் தந்தை வில்லியம் பையனை அனுப்பினார் என்று, நார்மன் பிரபுக்களின் வரலாற்றை முதலில் எழுதிய டூடோ பாதிரியார் சொல்கிறார். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் அம்மாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தார்கள். வரி வசூலிக்கவும் பட்டயம் எழுதவும் லத்தீன் தெரிந்த பாதிரிகள் தேவைப்பட்டார்கள். வாளால் நிலத்தைப் பிடிக்கலாம். கணக்கு எழுத ஊர்க்காரன்தான் வேண்டும். 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் இந்த ரோலோவின் நேர் வாரிசு. அவன் அங்கே கொண்டுபோன மொழி பிரெஞ்சு!

● 869-இல் கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எட்மண்டை டேனிய வைக்கிங்குகள் கொன்றார்கள். ஒரு தலைமுறை போயிற்று. அதே பகுதியில், டேனியர் ஆட்சியிலேயே, 'புனித எட்மண்ட்' என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. அப்பாக்கள் கொன்றவரைப் பிள்ளைகள் புனிதராகக் கும்பிட்டார்கள்.

● மதம் மாறுவது ஒரே நாளில் நடக்கிற காரியமா? யார்க் நகரை வைக்கிங்குகள் ஆண்ட 920-களின் காசு ஒன்றைப் பாருங்கள். அதில் புனித பேதுருவின் பெயர் லத்தீனில் இருக்கிறது. பெயரின் கடைசி எழுத்தை மட்டும் உற்றுப் பார்த்தால், அது தோர் கடவுளின் சுத்தியல்! டென்மார்க்கில் கிடைத்த ஒரு மாக்கல் அச்சும் இதே கதையைச் சொல்கிறது. ஒரே அச்சில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் தட்டானுக்குக் கவலையில்லை.

● டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசன் ஓலாஃப் குவாரன், 980-இல் தாரா போரில் தோற்றபின் அயோனா தீவின் மடத்துக்குப் போய் அங்கேயே இறந்தார். முந்தைய நூற்றாண்டில் வைக்கிங்குகள் திரும்பத் திரும்பக் கொள்ளையடித்த மடம் அது.

● கிழக்கே போனவர்கள் ஸ்லாவியர் ஆனார்கள். கீவ் நகரை ஆண்ட ஓலெக், இகோர், ஓல்கா மூவரின் பெயர்களும் ஹெல்கி, இங்வார், ஹெல்கா என்ற ஸ்காண்டிநேவியப் பெயர்களின் உருமாற்றம். ஓலெக்கின் வீரர்கள் பைசாந்தியத்தோடு உடன்படிக்கை செய்தபோது சத்தியம் செய்தது பெருன், வோலோஸ் என்னும் ஸ்லாவியத் தெய்வங்களின் பேரில் என்கிறது கீவின் பழைய வரலாற்று நூல். இகோர், ஓல்கா தம்பதியின் மகனுக்கோ ஸ்வியாதோஸ்லாவ் என்று அசல் ஸ்லாவியப் பெயர்.

971-இல் டான்யூப் நதியில் அவனைப் பார்த்தவர்களின் வர்ணனையை பைசாந்திய எழுத்தாளர் லியோ பதிவுசெய்திருக்கிறார். மற்றவர்களோடு சேர்ந்து தானும் துடுப்புப் போட்டு வருகிறான். மொட்டைத் தலையில் ஒருபக்கம் ஒரே ஒரு குடுமி. ஒரு காதில் மட்டும் தங்க வளையம். அதில் இரண்டு முத்து, நடுவே ஒரு சிவப்புக் கல். வெள்ளை உடை. துடுப்பு வைக்கிங் தாத்தாவின் சொத்து, குடுமி புல்வெளி நாடோடிகளிடம் கற்றது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த காட்சி இதுதான். தாய் ஓல்கா கிறிஸ்தவரானபின் மகனையும் அழைத்தார்; என் வீரர்கள் சிரிப்பார்கள் என்று மறுத்துவிட்டான். அவன் மகன் விளாதிமிர்தான் 988-இல் ஞானஸ்நானம் பெற்று, நாட்டையும் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தான்.

● மொழியை இழக்காத வைக்கிங்குகளும் உண்டு. ஐஸ்லாந்தில் கரையேறியபோது அங்கே கலந்து வாழ வேறு சமூகம் இல்லை. மொழி நின்றது, இன்றைய ஐஸ்லாந்து மொழி அதன் நேரடி வாரிசு. மதம் மட்டும் சுமார் 1000-இல் மாறியது. அதைத் தீர்மானித்தது நாட்டுப் பொதுச்சபை. தீர்ப்புச் சொன்ன தோர்கெய்ர் பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர். ஒரு பகல், ஓர் இரவு போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு, எல்லோரும் கிறிஸ்தவராகட்டும் என்றார். வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய பூசை செய்யத் தடையில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

● வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடிய ஓர் இடம், இன்றைய அசர்பைஜானில் உள்ள பர்தா. 943-இல், ருஸ் எனப்பட்ட கிழக்கத்திய வைக்கிங்குகள் காஸ்பியன் கடலைக் கடந்து, குரா ஆற்றில் ஏறி இந்தச் செழிப்பான நகரைப் பிடித்தார்கள். உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம், ஆட்சி மட்டும் எங்களுக்கு வேண்டும் என்று முதலில் அறிவித்ததாக வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹ் எழுதுகிறார். மக்கள் எதிர்த்ததும் பெரும் படுகொலை நடந்தது. பிறகு முகாமில் வயிற்றுப்போக்கு நோய் பரவி வீரர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஓர் இரவில் கொள்ளைப் பொருளோடு கிளம்பிவிட்டார்கள். நோய் வராமல் அவர்கள் அங்கேயே தங்கியிருந்தால்? ரூவானிலும் கீவிலும் நடந்ததை வைத்துப் பார்த்தால், மூன்றாம் தலைமுறையில் அங்கே பாரசீகமோ அரபியோ பேசுகிற, தொழுகைக்குப் போகிற ஒரு வைக்கிங் அரசவம்சம் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

● இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நார்மண்டியிலிருந்து போன குடும்பம் ஒன்று சிசிலியை வென்றது. அதில் வந்த இரண்டாம் ரோஜர் கிறிஸ்தவ மன்னர்தான். ஆனால் அவருக்காக நெய்த சிவப்புப் பட்டு மேலங்கியின் விளிம்பு முழுக்கத் தங்க நூலில் அரபு எழுத்து. ஹிஜ்ரி 528 என்று ஆண்டும் இருக்கிறது. நடுவில் ஒரு பேரீச்ச மரம், இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கங்கள். வியன்னா போகிற வாய்ப்பு அமைந்தால், ஹோஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்தில் இதைப் பார்க்கத் தவறாதீர்கள்.